நூல் அறுந்தால் காட்டும் கை

சூர்யநாராயணனுக்குப் பேச்சு அதிகம். அதில் அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் மூன்று தலைமுறையாகச் சமைத்த குடும்பம் அவனுடையது. சுவாமிக்குப் படைக்கிற சோற்றில் எச்சில் துளி தெறித்துவிடக் கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் அடுப்படிக்குள் போவார்கள். அவன் அப்பா நாராயணசுவாமி விடியற்காலையில் கட்டிய துணியை உச்சிக்காலம் முடிந்துதான் அவிழ்ப்பார். அதுவரைக்கும் பேச்செல்லாம் கையில்தான். கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் உரசினால் உப்பு. மூடிய கையைத் திருப்பினால் வெல்லம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பைத் தணி. இப்படி மூன்று தலைமுறை பேசாமல் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சூர்யநாராயணன் ஒருவனே உட்கார்ந்து செலவு செய்துகொண்டிருந்தான்.

அந்த மடப்பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. சுவாமிக்குக் காட்டும் முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. ஆகவே பொங்கலில் உப்பு கூடிப்போனால் அது படையல் முடிந்த பிறகுதான் தெரியவரும். அப்போது யார் கை தவறியதோ அவரே முன்னால் வந்து, விரல்களை மடக்கி, அந்த முட்டியால் நெற்றிப்பொட்டில் இரண்டு தட்டு தட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். என் கைதான் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த விஷயத்தை யாரும் பேச மாட்டார்கள். சிறு வயதில் லீவு நாட்களில் அப்பாவுக்குத் துணையாகப் போய் சூர்யநாராயணன் எத்தனையோ முறை தன் மண்டையில் தட்டிக்கொண்டிருக்கிறான். வாத்தியார் வேலை கிடைத்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. வாத்தியார்களுக்கு உப்பு கூடுவதே இல்லை அல்லவா.

1998 ஜூனில் அவனுக்கு ஆர்.கே.பேட்டை சாலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை. திருத்தணியிலிருந்து தினமும் பஸ். பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் அவன் வருகைப் பதிவு எடுத்தபோது ஒவ்வொரு "உள்ளேன் ஐயா"வுக்கும் எதிர் மரத்திலிருந்த காக்கை பறந்து பறந்து உட்கார்ந்தது.

"இது ஸ்கூலா, தறிக் கொட்டாயா?" என்றான் சூர்யநாராயணன். "மெதுவா பேசவே வராதா உங்களுக்கு?"

நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளும் சொன்னான், அதற்கடுத்த நாளும் சொன்னான். பதினைந்தே நாளில் வகுப்பு கப்சிப் ஆகிவிட்டது. கேள்வி கேட்டால் பதில் கிடையாது, புரிந்ததா என்றால் நாற்பத்தொரு தலையும் ஆடும். ஒழுக்கத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று அவன் ஆசிரியர் அறையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

பாடம் நடத்துவதில் அவன் சோம்பேறி அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டே எழுதுவான், எழுதிக்கொண்டே பேசுவான். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் வகுப்புக்குத் தெரிவது அவன் முதுகும் அதில் ஒட்டிய சட்டையும்தான். காலாண்டுத் தேர்வில் இருபத்தாறு பேர் கோட்டைவிட்டார்கள்.

"இதுங்களுக்குக் கணக்கு ஏறாது மேடம்" என்றான் தலைமையாசிரியை மனோரமாவிடம்.

மனோரமா வேலூர்க்காரர், முப்பது வருட சர்வீஸ். "ஏறலையா சார், இல்ல நீங்க ஏத்தலையா?" என்று கேட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டார்.

வகுப்பில் கணக்கு சரளமாக வந்த ஒரே பெண் மணியம்மை. இரண்டாம் வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். அவன் பேசுவதைக் கேட்டு அல்ல, கரும்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்தே போட்டுவிடுவாள். அவளுடைய அப்பா இளங்கோவன் கறுப்புச் சட்டைக்காரர். கோயிலுக்குப் போக மாட்டார், வீட்டில் நான்கு தறி, மூன்று பெண்கள். மூத்தவள் இவள்தான். கணக்கில் பாஸானால் திருத்தணியில் பதினொன்றாம் வகுப்பு, ஃபெயிலானால் ஐந்தாவது தறி என்று அவர் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தார். இது ஊருக்கே தெரிந்த ஒப்பந்தம், சூர்யநாராயணனுக்கும் தெரியும்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சைக்கு அவனே கண்காணிப்பு. பதினொரு மணி வாக்கில், மணியம்மைக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஷோபனா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை அவன் கவனிக்கவில்லை. அவன் கவனித்தது அதற்கு அடுத்து நடந்ததைத்தான்.

மணியம்மை தலையைத் திருப்பி ஷோபனாவைப் பார்த்தாள். இரண்டு ஆட்காட்டிவிரல்களையும் நுனியில் ஒட்டவைத்துப் பட்டென்று பிரித்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் சேர்த்து ஒரு முறுக்கு. பிறகு உள்ளங்கையால் முன்பக்கம் ஒரு தள்ளு. மூன்றே அசைவு. ஷோபனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தாள், கடகடவென்று எழுத ஆரம்பித்தாள்.

சூர்யநாராயணனுக்குள் இருந்த மடப்பள்ளி ரத்தம் துள்ளி எழுந்தது. கை ஜாடையை யாரிடம் காட்டுகிறாய்? தொட்டிலிலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவனிடமா? வேறொரு வாத்தியாராக இருந்தால் ஏதோ கையை ஆட்டுகிறாள் என்று விட்டிருப்பார். இவனுக்கு அது பாஷை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. என்ன பாஷை என்று மட்டும் தெரியவில்லை. அதனால் என்ன, அதைத் தானே பூர்த்தி செய்துகொண்டான்.

"எழுந்திரு. என்ன காட்டின அவளுக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"மூணாவது கணக்குக்கு விடையா?"

"நான் காப்பி அடிக்கல சார். அடிக்கவும் விடல."

"பின்ன கையில என்ன?"

மணியம்மை வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். தறி என்ற வார்த்தையைச் சொன்னால் இந்த மனிதர் என்ன சொல்வார் என்று ஆறு மாதமாகக் கேட்டிருக்கிறாளே. அந்த மௌனத்தையும் அவன் குற்றத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டான். விடைத்தாளைப் பிடுங்கி, குறுக்கே சிவப்பு மையால் 'காப்பி' என்று எழுதி, அடியில் பெரிதாக ஒரு சைபர் போட்டான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பாவைக் கூட்டிக்கினு வா" என்று மனோரமாவும் சொல்லிவிட்டார். மணியம்மை பையை எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் கடைசி.

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தது. இரண்டாம் வரிசையில் ஜன்னல் ஓரம் காலி. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரமும் போயிற்று.

"மணியம்மை எங்க?" என்று ஷோபனாவைக் கேட்டான்.

"தறியில உக்கார வெச்சிட்டாங்க சார்" என்றாள் ஷோபனா, மெதுவாக. மெதுவாகப் பேசத்தான் அவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்களே.

மனோரமா தேர்வு எழுதுவோர் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார். "சார், தறியில ஒரு மாசம் உக்காந்த பொண்ணு திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா ஹால் டிக்கெட் வந்தாலும் வாங்கிக்க ஆள் இருக்காது. நிச்சயமா பாஸாகிற பொண்ணு அது ஒண்ணுதான். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"காப்பி அடிச்சது அவ மேடம். நான் போய்க் கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேணாம். விசாரிங்க. அன்னிக்கு விசாரிச்சீங்களா?"

விசாரித்தேன் என்று சொல்ல வாயெடுத்தான். ஷோபனாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மையார்குப்பத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மையார்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காலுக்கடியில் தரை லேசாக அதிர்ந்தது. தெரு முழுக்கத் தறி. வீட்டுக்கு வீடு டடக் டடக்கென்று ஒரே இரைச்சல். வழி கேட்டால் வாயசைவு மட்டும் தெரிகிறது, சத்தம் வரவில்லை. மூன்றாவது ஆள் அவன் தோளைத் திருப்பி இளங்கோவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார்.

உள்ளே நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இளங்கோவன் ஒன்றில், அவர் மனைவி ஜெயம்மா ஒன்றில் நின்றிருந்தார்கள். மூலையில் மணியம்மை தார் சுற்றிக்கொண்டிருந்தாள், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற நூலைக் குச்சியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கை மட்டும் வேலையை விடவில்லை.

"நான் மணியம்மையோட வாத்தியார்" என்று கத்தினான் சூர்யநாராயணன். தொண்டை நரம்பு புடைத்தது. அவனுக்கே அது கேட்கவில்லை.

இளங்கோவன் தலையை மட்டும் அசைத்தார். தறியை நிறுத்தவில்லை. நிறுத்தாமல் விட்டதும் ஒரு பேச்சுதான், அது சூர்யநாராயணனுக்கு நன்றாகவே விளங்கியது.

பிறகு அவன் கண்ணெதிரிலேயே அவனைப் பற்றிய விவாதம் ஆரம்பமாயிற்று. ஜெயம்மா புருவத்தை உயர்த்தி விரலை வளைத்தாள். இளங்கோவன் மார்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பூணூல் என்று அவனுக்கே புரிந்தது. மணியம்மை தலையசைத்தாள். ஜெயம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வாய்க்கெதிரில் ஐந்து விரலையும் பூனை வாய் மாதிரித் திறந்து திறந்து மூடினாள். ஓயாமல் பேசுகிறவன் அவன்தானா என்று கேட்கிறாள் போலிருக்கிறது. ஆமாம் என்றது பெண்ணின் தலை. சத்தமில்லாமல் உதட்டை அசைத்து மணியம்மை சொன்னதைத் தறிகளுக்கு அப்பால் நின்ற ஜெயம்மா படித்துவிடுகிறாள். ஒருவர் முகத்தை விட்டு மற்றவர் கண் அகலவில்லை. சூர்யநாராயணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மடப்பள்ளியில் சோற்றையும் உப்பையும் பற்றித்தான் கையில் பேசுவார்கள். இவர்கள் வம்பே அளக்கிறார்கள்.

அப்போது ஜெயம்மாவின் தறியில் என்னவோ பிசகிற்று. அவள் பார்க்கும் முன்னால் மூலையிலிருந்து மணியம்மை பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள். இரண்டு ஆட்காட்டிவிரலும் ஒட்டிப் பட்டென்று பிரிந்தன. கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து ஒரு முறுக்கு. உள்ளங்கையால் ஒரு தள்ளு.

ஜெயம்மா தறியை நிறுத்தினாள், அறுந்திருந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள், தறியை ஓட்டினாள்.

அதே கை. அதே மூன்று அசைவு.

நூல் அறுந்திருக்கிறது, முடிச்சுப் போடு, ஓட்டு. பரீட்சையில் அழுத தோழிக்கு அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். போனதை நினைத்து நிற்காதே, மேலே போ. அதற்குத்தான் சைபர் போட்டிருக்கிறான். அதற்குத்தான் நாற்பது பேர் நடுவில் அவளைத் திருடி ஆக்கியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவனிடம் சொல்வதற்கு ஏராளம் இருந்தது, ஆனால் அந்த இரைச்சலில் எந்த வாயால் சொல்வது?

அவனை அறியாமலே கை எழுந்தது. முட்டியை மடக்கி நெற்றிப்பொட்டில் இரண்டு தட்டு தட்டினான். உள்ளங்கையை விரித்து மணியம்மைக்குக் காட்டினான். அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அவள் காட்டிய மூன்று அசைவையும் தட்டுத்தடுமாறித் தானும் காட்டி, காகிதத்தில் சைபர் போடுவது மாதிரி காற்றில் போட்டு, மறுபடியும் மண்டையில் தட்டிக்கொண்டான்.

மணியம்மையின் கையில் தார் நின்றது. இளங்கோவன் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் காது கொய்யென்றது.

"இன்னாங்க அது, மண்டையில கொட்டிக்கிறீங்க?"

சூர்யநாராயணன் சொன்னான். வாய்க்கட்டு, உப்பு, ருசி பார்க்காத பொங்கல், எல்லாவற்றையும் சொன்னான். இளங்கோவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ உப்பு கரெக்டான்னு மொதல்ல டெஸ்ட் பண்றது சாமியா?"

"ஆமாங்க."

"அது பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாம துன்னுட்டு இருக்கும்."

"அதனாலதான் நாங்களே சொல்லிக்கிறோம்" என்றான் சூர்யநாராயணன்.

ஜெயம்மா சிரித்துவிட்டாள். இளங்கோவன் சிரிக்கவில்லை. "சார், உங்க சாமி எனக்கு ஆகாது, அது வேற விசயம். நீங்க வந்து தப்புன்னு சொன்னது பெரிய விசயம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எம் பொண்ணத் திருடின்னு ஊட்டுக்குள்ளயா சொன்னீங்க? கிளாஸ்ல சொன்னீங்க. இங்க வந்து கொட்டிக்கினா எப்டிங்க?"

அது சூர்யநாராயணனுக்கு நியாயமாகப் பட்டது. "திங்கட்கிழமை அனுப்புங்க" என்றான்.

"நைனா" என்றாள் மணியம்மை. அவ்வளவுதான். அதில் கேள்வி இருந்தது. இளங்கோவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போய் இன்னா பண்றாருன்னு பாத்துட்டு வா" என்றார்.

வாசல் வரைக்கும் மணியம்மை கூட வந்தாள். "சார், ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்க மாட்டீங்களே."

"சொல்லும்மா."

"நீங்க போர்டப் பாத்துகினே பேசறீங்க. எங்களுக்கு வாய் தெரியணும் சார். ஊட்ல அப்டியே பழகிட்டோம். முதுகப் பாத்தா ஒண்ணும் ஏறல." கூடவே, "கிளாஸ்ல யாருக்குமே ஏறல" என்று சேர்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திருத்தணி வரைக்கும் சூர்யநாராயணன் பேசவே இல்லை. வழக்கமாக அவனிடம் மாட்டிக்கொள்ளும் கண்டக்டர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் அவன் சாக்பீஸைத் தொடவில்லை. நடுவில் வந்து நின்று, பிள்ளைகளைப் பார்த்து, "மணியம்மை காப்பி அடிக்கல, அடிக்க விடவும் இல்ல. நான் விசாரிக்காம சொன்னேன்" என்றான். பிறகு விரலை மடக்கி முட்டியால் நெற்றிப்பொட்டில் தட்டிக்கொண்டான். சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. நாற்பத்தொரு பேரும் விழித்தார்கள். ஒரு வாத்தியார் தன் மண்டையில் தானே குட்டிக்கொள்வதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. யாரோ கிளுக்கென்று சிரிக்க, அடக்கி வைத்திருந்த தறிவீட்டுச் சிரிப்பு மொத்தமும் கூரையைத் தூக்கியது. மரத்துக் காக்கை ஆறு மாதத்துக்குப் பிறகு பறந்தது.

"சார், இன்னொரு தபா" என்றது ஒரு குரல். தட்டிக் காட்டினான்.

அன்றிலிருந்து பாடம் வேறு தினுசாக நடந்தது. கரும்பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, முகத்தை வகுப்புக்குக் கொடுத்து, கையை மட்டும் பின்னால் நீட்டி எழுதப் பழகினான். எழுத்தெல்லாம் மலைப்படி ஏறுகிற மாதிரி மேலே மேலே போயிற்று. "ஒரு விஷயம்" என்றான் முதல் நாளே. "நான் நடத்தும்போது எங்கயாவது நூல் அறுந்தா, வாயால சொல்ல வேணாம். கையைக் காட்டுங்க."

காரணிப்படுத்துதலில் மூன்றாவது வரி எழுதி முடிப்பதற்குள் முப்பத்திரண்டு பேரின் ஆட்காட்டிவிரல்கள் பட்டுப் பட்டென்று பிரிந்தன. சூர்யநாராயணன் சாக்பீஸோடு நின்றான். ஜூனிலிருந்து இப்படித்தான் அறுந்து கிடந்திருக்கிறது, இவன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். புரிந்ததா என்று கேட்டபோதெல்லாம் ஆடிய தலைகளை நினைத்துக்கொண்டான். முதல் வரிக்குத் திரும்பிப் போனான்.

பிப்ரவரி முழுக்க முடிச்சுப் போடுவதிலேயே கழிந்தது. குரலைத் தணி என்று அவன் சொல்வதை விட்டுவிட்டான், பக்கத்து வகுப்பு வாத்தியார் மட்டும் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவனுக்குத் தறிப் பாஷை சொல்லிக்கொடுத்தார்கள், அவன் உப்பும் வெல்லமும் சொல்லிக்கொடுத்தான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் வகுப்பு அடங்கியது. மணியம்மை மட்டும் முதல் இரண்டு வாரம் அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கணக்கைப் போடுவாள், நோட்டை நீட்டுவாள், போய்விடுவாள். அவனும் அவசரப்படவில்லை. உப்பு கூடினதை நாக்கு மறக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரலில் பொதுத்தேர்வு. பெண்களுக்கு மையம் திருத்தணியில் ஒரு பள்ளி. கணக்குப் பரீட்சையன்று கணக்கு ஆசிரியர்களுக்கு வேலை கிடையாது, ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? காலையிலேயே போய் வெளிக்கதவுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

முதல் மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சாலைப் பக்க ஜன்னலில் மணியம்மையின் முகம் தெரிந்தது. வெளிறிப்போயிருந்தது. ஐந்தாவது தறி அவள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவனைப் பார்த்தாள். மெல்லக் கையைத் தூக்கி, இரண்டு ஆட்காட்டிவிரலையும் ஒட்டிப் பட்டென்று பிரித்தாள்.

இரண்டரை மாதத்தில் அவள் அவனிடம் தானாகச் சொன்ன முதல் பேச்சு அது. சூர்யநாராயணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாலையில் நிற்கிறோம் என்பதை மறந்து, கையை நன்றாக உயர்த்தி, விரலைச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினான். உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினான். முடிச்சுப் போடு, ஓட்டு.

"யாருங்க நீங்க?" என்று பின்னால் ஒரு குரல்.

பறக்கும் படை ஜீப் வந்து நின்றிருந்தது. இறங்கியவர் பெயர் சடகோபன். கஞ்சி போட்ட சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா.

"நான் அந்தப் பொண்ணோட கணக்கு வாத்தியார்" என்றான் சூர்யநாராயணன். அவன் சொல்லியிருக்கக் கூடிய பதில்களிலேயே மோசமானது அதுதான்.

தேர்வு மைய அலுவலகத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவன் விளக்கினான். தறி, இரைச்சல், நூல், முடிச்சு என்று விளக்கினான். விளக்க விளக்க அது சோடித்த கதை மாதிரியே இருந்தது. வாயில் துணி, உப்பு என்று போனபோது சடகோபன் கையைக் காட்டி நிறுத்தினார். "வினாத்தாள் வெளிய வந்திருக்கலாம், நாலு விடையை நீங்க மனப்பாடமா வெச்சிருக்கலாம். நான் இருபது வருஷமா பாக்கிறேன் சார். அந்தப் பொண்ணு விடைத்தாளைத் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். முடிஞ்சதும் விசாரிச்சு, மத்த விடைத்தாள் கட்டுல சேக்கறதா வேணாமான்னு பாக்கலாம்."

சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று சூர்யநாராயணனுக்குத் தெரியும். நான்கு தறி வீட்டில் ஐந்தாவது தறி வரும். இரண்டாவது தடவையும் இவன் கையாலேயே. அவனுடைய அத்தனை வருஷத்துப் பேச்சும் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டரை மணி நேரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்யாத தப்புக்கு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது நிமிடத்துக்கு நிமிடம் புரிந்துகொண்டே வந்தது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. மணியம்மையைக் கூட்டிவந்தார்கள். விரலில் மை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள், மேஜைமேல் தனியாகக் கிடந்த தன் விடைத்தாளைப் பார்த்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. அவளும் இப்படி நின்றவள்தானே.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் சடகோபன். "காலைல இவர் உனக்குக் கை காட்டினாரே. விடைதானே அது?"

"எங்க சார் அப்டி செய்ய மாட்டாருங்க" என்றாள் மணியம்மை.

தறிவீட்டுக் குரல். வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சூர்யநாராயணன் தலையைக் குனிந்துகொண்டான். டிசம்பரில் அவளைப் பற்றி அவன் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

"அப்போ அதுக்கு என்ன அர்த்தம்?"

"நூல் அறுந்தா முடிச்சு போட்டு ஓட்டுன்னு அர்த்தங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. நான்தான் மொதல்ல கேட்டேன்."

சடகோபன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார். மணியம்மை போட்டிருந்த அதே பள்ளிச் சீருடையில் முதலில் கண்ணில் பட்டவள் ஷோபனா. அவளை நிறுத்தி, ஒரு வார்த்தையும் சொல்லாமல், காலையில் பார்த்த அசைவை விறைப்பாகக் காட்டினார். விரலில் ஒரு முறுக்கு, உள்ளங்கையால் ஒரு தள்ளு.

"முடிச்சு போட்டு ஓட்டுங்கறீங்க" என்றாள் ஷோபனா. "எங்க அறுந்துச்சு சார்?"

சடகோபன் திரும்பி வந்து, மணியம்மையின் விடைத்தாளை எடுத்து மற்ற விடைத்தாள் கட்டோடு சேர்த்து, நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். அரை நிமிட வேலை. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டார், அவ்வளவுதான். டிசம்பரில் ஷோபனா இரண்டே வரிசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

சூர்யநாராயணன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். கை தானாகப் போய் முட்டியை மடக்கி நெற்றிப்பொட்டில் இரண்டு தட்டு தட்டிற்று, மணியம்மையின் பக்கம் உள்ளங்கையை விரித்தது.

"இது என்ன, புதுசா இன்னொண்ணு?" என்றார் சடகோபன்.

"அது எங்க பாஷை இல்லிங்க, அவங்க ஊட்டு பாஷை" என்றாள் மணியம்மை. அவனை நேராகப் பார்த்துச் சிரித்தாள். "உப்பு கூடிப்போச்சாம். இத காட்டிட்டா அதுக்கு மேல யாரும் அதப்பத்திப் பேசக் கூடாதுங்க."